நாலு மூலைக் கேணி

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தமிழகம் செல்லும் நம்மவர்கள் திருச்சியில் இறங்கினால் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் சில உண்டு. மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைக் கும்பிடுவது, ஸ்ரீரங்கத்தில் அரங்கனைச் சேவிப்பது, சமயபுரத்து அம்மனுக்கு மாவிளக்குப் போடுவது, பிறகு கடைவீதியில் நுழைந்து பெட்டி கொள்ளாத அளவுக்குச் சேலையும் வேட்டியும் வாங்குவது. இவ்வளவும் முடிந்து ஒரு நாள் கையில் மிச்சமிருந்தால், அந்த நாளைத் திருவெள்ளறைக்குக் கொடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாக ஊர் போய்ச் சேரலாம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். நான் போன அன்று, அவித்த நெல்லின் வாடை பஸ்ஸுக்குள்ளேயே வந்து எங்களை வரவேற்றது. வழியில் எதிர்ப்பட்ட பஸ்களின் நெற்றியில் துறையூர், முசிறி, நாமக்கல் என்று எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க மனம் என்னமோ செய்தது. சிறு வயதில் லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்த பெரியவர்கள் வாயில் அடிபட்ட பெயர்கள் அல்லவா அவை! இந்தப் பக்கத்துச் சனங்களைத்தானே கங்காணிமார் கூட்டிவந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள்!

வெள்ளறை என்றால் வெண்மையான பாறை. அந்தப் பாறைமேல் கோட்டை போல உயர்ந்து நிற்கிறது புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். செந்தாமரைக் கண்ணன் என்பது பெருமாளின் பெயருக்குப் பொருள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஸ்ரீரங்கத்துக்கும் முந்திய கோயில் என்பது ஊரார் நம்பிக்கை. சிபிச் சக்கரவர்த்தி ஒரு வெள்ளைப் பன்றியைத் துரத்திவந்து இங்கே பெருமாளைக் கண்டான் என்று தலபுராணம் சொல்கிறது. முற்றுப் பெறாமல் நிற்கும் ராயகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பதினெட்டுப் படி ஏறி உள்ளே போகவேண்டும்.

சந்நிதிக்குப் போக இரண்டு வாசல்கள். ஒன்று உத்தராயண வாசல், மற்றது தட்சிணாயன வாசல். தை முதல் ஆனி வரை முதல் வாசல் திறந்திருக்கும். ஆடி முதல் மார்கழி வரை மற்றது. சூரியன் வடக்கே நகரும்போது ஒரு வழி, தெற்கே நகரும்போது ஒரு வழி. இந்த வாசல் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களை அழைத்துவந்தது கோயிலுக்காக மட்டுமல்ல. கோயிலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி, ஒரு கிணறு இருக்கிறது. எட்ட இருந்து பார்த்தால் அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. பக்கத்தில் போனதும் பூமி திடீரென்று பிளந்து படிக்கட்டுகளாக இறங்குகிறது. நாலு பக்கமும் நாலு படிக்கட்டு. ஒவ்வொன்றும் நேராகத் தண்ணீருக்குப் போய்விடாமல், பாதியில் ஒரு மூலை திரும்பி, பிறகு நடுவில் இருக்கும் சதுரக் கிணற்றில் போய் முடிகிறது. மேலே பறக்கும் பறவையின் கண்ணுக்கு அது ஒரு பெரிய சுவஸ்திகம்! கோலமாவில் போடாமல், கருங்கல்லிலும் தண்ணீரிலும் போட்ட சுவஸ்திகம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கிட்டே வந்தார்.

"ஐயா வெளியூருங்களா?"

"மலேசியா அம்மா."

"மலேயாவா! எங்க சின்னத் தாத்தாகூட அங்கதான் போனாரு. போனவரு போனவருதான்" என்று சொல்லிவிட்டு, கிணற்றைக் காட்டினார். "இது நாலு மூலைக் கேணிங்க. மாமியா மருமக கிணறுன்னும் சொல்லுவோம். மாமியா ஒரு துறையில எறங்கிக் குளிச்சா, இன்னொரு துறையில குளிக்கிற மருமகளுக்குத் தெரியாது. மூஞ்சியே பாக்க வேணாம். சண்டை ஏது?"

சிற்ப சாத்திர விளக்கங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். இதைப் போல ஒன்றைப் படித்ததில்லை. ஒரு படியில் நின்று பார்த்தேன். உண்மைதான், மற்ற மூன்று படிகளில் இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். நாலு திசையிலிருந்து வருகிற நாலு விதமான மனிதர்களுக்கும் தனித்தனி வழி. கிடைப்பதோ ஒரே தண்ணீர்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கிணறு

இதைத் தோண்டியவர் யார் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. கல்வெட்டு இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் நாலாவது ஆட்சியாண்டில் வேலை தொடங்கி, ஐந்தாவது ஆண்டில் முடிந்தது. அதாவது கி.பி. 800ஐ ஒட்டிய காலம். செய்வித்தவன் ஆலம்பாக்கத்து விசய நல்லுழான் என்பவனின் தம்பி கம்பன் அரையன். அரசனின் பட்டப்பெயரை வைத்து "மாற்பிடுகு பெருங்கிணறு" என்று பெயரிட்டான். கவனியுங்கள், மன்னன் தோண்டவில்லை. பட்டத்து இளவரசனும் தோண்டவில்லை. ஒருவனுடைய தம்பி தோண்டினான்! அண்ணன் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட அந்தத் தம்பியின் பெயர் 1,200 ஆண்டு கழித்தும் நிற்கிறது.

கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டும் உண்டு. அதன் கருத்தை மட்டும் சொல்கிறேன். இன்று கண்ட மனிதரை நாளை காண முடியாத உலகம் இது. அதன்மேல் ஆசை வைத்து நின்றுவிடாதே. மூப்பு வந்து உடம்பு தளரும் முன்னே, உண்டது போக மிஞ்சியதை உலகம் அறியக் கொடுத்துவிடு. இந்தப் பாட்டை ஒரு மடத்துச் சுவரில் எழுதியிருந்தால் உபதேசம் என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். கிணற்றில் எழுதியிருப்பதால், சொன்னவன் செய்துகாட்டிவிட்டுத்தான் சொன்னான் என்று தெரிகிறது.

சுவஸ்திகம் என்ற சொல்லுக்கு வருவோம். "சு" என்றால் நன்மை, "அஸ்தி" என்றால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் "ஸ்வஸ்தி": நலம் உண்டாகட்டும். அந்த நலத்துக்கான குறிதான் சுவஸ்திகம். நாலு கைகளும் நாலு வேதம் என்பார்கள், அறம் பொருள் இன்பம் வீடு என்பார்கள், நாலு திசை என்பார்கள், சூரியனின் சுழற்சி என்பார்கள். எல்லாம் இருக்கட்டும். சூரியனின் இரண்டு போக்குக்கு இரண்டு வாசல் வைத்த கோயிலின் பக்கத்தில் இந்தக் கிணறு அமைந்திருப்பதைப் பார்க்கும்போது கடைசி விளக்கம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லே போதும், வேறு விளக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவை "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்றுதான் தொடங்கும். அதே சொல் கடல் கடந்தும் வந்தது. சுமத்ராவில் பலெம்பாங் அருகே 1920இல் கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய மலாய் எழுத்துகளில் ஒன்று. அதுவும் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்றே தொடங்குகிறது! பாலித் தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்குள்ள இந்துக்கள் எதிரே வருபவரை இன்றும் "ஓம் சுவஸ்தியஸ்து" என்றுதான் வணங்குகிறார்கள்.

சின்னத்தின் வயதோ இதைவிடப் பெரிது. சிந்து வெளியில், மொகஞ்சதாரோ, ஹரப்பா முத்திரைகளிலேயே இருக்கிறது. இலக்கணம் எழுதிய பாணினி, மாடுகளின் காதில் இடும் அடையாளங்களைச் சொல்லும்போது சுவஸ்திகத்தையும் சொல்கிறார். பெரிய தத்துவம் பேசும் முன்னே, அது மாட்டுக்காரனின் கையில் இருந்த குறி. பரதத்தில் சுவஸ்திகம் என்று ஒரு கை முத்திரை உண்டு. யோகத்தில் சுவஸ்திகாசனம் உண்டு.

சமணர்கள் கோயிலில் தெய்வத்தின் முன்னே அரிசியால் இதை இடுவார்கள். அவர்கள் சொல்லும் பொருள் வேறு. தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்று உயிர் எடுக்கும் நாலு பிறவிகள்தாம் நாலு கை. மேலே மூன்று புள்ளி வைப்பார்கள்: நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலே பிறைபோல ஒரு வளைவு வைத்து அதில் ஒரு புள்ளி. அது விடுதலை பெற்ற உயிர்களின் உலகம். ஏழாவது தீர்த்தங்கரரான சுபார்சுவநாதரின் அடையாளமும் சுவஸ்திகமே.

பௌத்தர்கள் புத்தரின் திருவடியில் இதைச் செதுக்கினார்கள். அமராவதிச் சிற்பங்களில் காணலாம். சீனாவுக்குப் போனதும் அது புத்தரின் நெஞ்சில் ஏறியது. நம் ஊர்ச் சீனக் கோயில்களில் புத்தரின் மார்பில் பார்த்திருப்பீர்கள். சீனர்கள் அதை "வான்" என்று படிப்பார்கள். பதினாயிரம், அதாவது எண்ணில் அடங்காத நன்மை என்று பொருள். பெரும்பாலும் கைகள் இடப் பக்கம் திரும்பியிருக்கும். ஜப்பானில் தேசப்படத்திலேயே பௌத்தக் கோயில் இருக்கும் இடத்தை இந்தக் குறியால் காட்டுகிறார்கள்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிடோக்கில் "ரெட் சுவஸ்திகா" என்று ஒரு தொடக்கப் பள்ளியே இருக்கிறது. செஞ்சுவஸ்திகச் சங்கம் 1951இல் தொடங்கிய பள்ளி அது. அந்தச் சங்கம் 1922இல் சீனாவில் தோன்றிய தர்ம ஸ்தாபனம். 1937இல் ஜப்பானியப் படை நான்கிங் நகரில் நடத்திய படுகொலைக்குப் பிறகு, கேட்பாரற்றுக் கிடந்த பல்லாயிரம் பிணங்களை எடுத்துப் புதைத்தவர்கள் சுவஸ்திகச் சின்னம் அணிந்த இந்தச் சங்கத்தார்தாம். அதே 1937இல், உலகத்தின் மறுகோடியில், அதே வடிவம் வேறொரு கொடியில் பறந்துகொண்டிருந்தது.

வாசலில் இட்ட சுவஸ்திகம்

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தம்பி மகள் ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் வேலை செய்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் புதுவீடு வாடகைக்கு எடுத்துப் பால் காய்ச்சினாள். அம்மா சொல்லிக் கொடுத்தபடி நிலைக்கதவில் மஞ்சள் பூசி, குங்குமத்தால் ஒரு சுவஸ்திகம் இட்டாள். மறுநாளே வீட்டுக்காரர் வந்து நின்றார். எதிர்வீட்டுப் பாட்டி கதவைப் பார்த்துவிட்டு நடுங்கிப் போய்விட்டாராம். உடனே அழிக்க வேண்டும் என்றார். பிள்ளை ஒன்றும் புரியாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரவு எனக்குப் போன் செய்து அழுதாள்.

"பெரியப்பா, நம்ம சாமி அடையாளத்தைப் போட்டதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? துடைக்கும்போது கையெல்லாம் கூசுது."

அவளுக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்குப் பேசுவோம் பாப்பா" என்று போனை வைத்துவிட்டேன்.

விஷயம் நாம் அறிந்ததுதான். ஹிட்லரின் நாஜிக் கட்சி 1920இல் இந்த வடிவத்தைத் தன் கொடியில் வைத்தது. 1935இல் அதுவே ஜெர்மனியின் தேசியக் கொடியானது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் சுவஸ்திகம் அல்ல. அவர்கள் மொழியில் "கொக்கிச் சிலுவை". சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பாக, சாய்த்து நிறுத்திய கொக்கிகள். அந்தக் கொடியின் கீழே 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். வேறு எத்தனையோ பேரையும் கொன்றார்கள். "ஹிட்லர் அதைத் திருப்பிப் போட்டான், நம்முடையது வலப் பக்கம், அவனுடையது இடப் பக்கம்" என்று நம்மவர்களில் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது சரியல்ல. அவன் வைத்ததும் வலப் பக்கம் திரும்பியதுதான். வேறுபாடு திசையில் இல்லை. செய்த காரியத்தில்தான் இருக்கிறது.

சரி, யாரோ ஒரு பாவி திருடியதற்கு நாம் ஏன் நம் சொத்தை ஒளித்து வைக்க வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், சயாம் ரயில் நினைவுக்கு வரும்வரை.

நம் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் 1942, 43இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களே, அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. திரும்பிய ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். நான் பார்க்கும்போது அவருக்கு வயதாகிவிட்டது. வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம் போட்ட எதைக் கண்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல நாட்டுக் கொடிகளை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் நடப்பதையே அவர் விட்டுவிட்டார். அந்தச் சிவப்பு வட்டம் என்ன? சூரியன். பொங்கலன்று அவரே வாசலில் நின்று கும்பிடுகிற அதே சூரியன்! சூரியன்மேல் தப்பு உண்டா? கிடையாது. அதற்காக அந்தக் கிழவரிடம் போய், "தாத்தா, ஜப்பானியர்களுக்கு அது பழைய மங்கலச் சின்னம், நீங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று வகுப்பு எடுக்க நமக்கு மனம் வருமா?

மறுநாள் இதைத்தான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பாட்டியும் அங்கேயிருந்து திரும்பி வந்தவங்களா இருக்கலாம், இல்ல பெரியப்பா?" என்றாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வாரமே கேசரி செய்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். தான் யார், எந்த நாடு, அந்தக் குறிக்கு நம்மவர்களிடம் என்ன பொருள் என்று சொன்னாள். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். "நீ சொல்வதை நம்புகிறேன் மகளே. ஆனால் என் கண் நம்பாது" என்றாராம். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. சுவஸ்திகத்தைப் பூஜை அறைக்குள் சாமி படத்தின் கீழே இட்டுக்கொண்டாள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டினாள். பாட்டி வந்து அந்தத் தோரணத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "காய்ந்துவிட்டதே, வேறு கட்டு" என்றாராம்!

சில உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. விட்டுக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் விடவில்லை, இடம் மாற்றினாள். நம் நாட்டில், வீட்டு வாசலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சுவஸ்திகம் போட நாம் யாருக்கும் தயங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சீனருக்கும் அது தெய்வ அடையாளம்தான். மேல்நாட்டார் சிலரும் இப்போது வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதைத் தடை செய்தபோது, இந்துக்களும் பௌத்தர்களும் சமணர்களும் சமயத்துக்காகப் பயன்படுத்தும் சுவஸ்திகத்துக்கு விலக்கு அளித்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நான் நாலு மூலைக் கேணியின் படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஆனால் படியின் திருப்பத்தில் நிழல் இருந்தது, கல் குளிர்ந்திருந்தது. மூலை திருப்பி வைத்ததில் இப்படியும் ஓர் அனுகூலம்! பாறை ஊரில், கோடை வெயிலில், பச்சைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு இறங்கி வருகிற பெண்ணுக்கு அந்த நிழல் எப்படி இருந்திருக்கும்? கல்வெட்டு இந்தக் கிணற்றைப் "பெருங்கிணறு" என்றுதான் சொல்கிறது. நலம் என்ற சொல்லைப் பெயரில் வைக்காமல், இறங்குகிற இடமாக வைத்துவிட்டான் கம்பன் அரையன். தம்பி மகளுக்கு அனுப்ப நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு எம்பி நின்றாலும் முழு வடிவமும் ஒரு படத்தில் அடங்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் பிறந்த ஊர் இது என்பதையும் நினைவில் வையுங்கள். வைணவ அன்பர்கள் கேட்டால் சொல்லலாம். பக்கத்திலேயே பாறையைக் குடைந்த பழைய சிவன் கோயிலும் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். கிணறு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். படிகளில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். ஆண்டிறுதி விடுமுறையில் போகிறவர்களுக்குத் தட்சிணாயன வாசல்தான் திறந்திருக்கும். மற்ற வாசல் வழியாகவும் பெருமாளைச் சேவிக்க ஆசையிருந்தால், தை பிறந்த பிறகு இன்னொரு முறை டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.